தனியாகக் கிடந்த சக்கரம்

முதலில் கையில்தான் தெரிந்தது.

வட்டகொடை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். விடிய விடியப் பெய்த மழை விட்டு வெயில் விழுந்திருந்தது. ரோட்டிலிருந்து ஆவி எழும்பியது. வேகம் சற்றுக் கூடியதும் ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குள் நடுங்கத் தொடங்கியது. குளிர்காய்ச்சல்காரனின் கையைப் பிடித்தால் தெரியுமே, அந்த மாதிரி நடுக்கம்.

வேகத்தைக் குறைத்தேன். நின்றது. கூட்டினேன். மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கையோடு நிற்காமல் தோள்பட்டை வரை ஏறியது. முன்கண்ணாடி கடகடவென்று அடித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் சன்னாசி, வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர், கால் முறிந்து தேறிய பிறகு என்னோடு லொறிக்கு வந்தவர்.

"என்னா தம்பி, லொறி ஆடுது?"

"ரோடு சரியில்லண்ணே."

"நேத்தும் இதே ரோடுதான்."

வளைவுக்கு முன்னால் மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். சன்னாசி குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் இடப்பக்க முன் சக்கரத்தின் அருகில் குந்தினேன். ஆறு நட்டில் ஒன்றைக் காணவில்லை. இரண்டு, விரலாலேயே சுற்ற வந்தன. ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். போல்ட் நுழையும் ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். அது முட்டை மாதிரி நீண்டு போயிருந்தது. டயரின் உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது.

நட்டை மறுபடி போட்டுக் கையால் ஆனமட்டும் முடுக்கினேன். அங்கிருந்து அடுத்த வளைவில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், தோட்டத்து இன்னொரு லொறியை ஓட்டிய வேலாயுதம் அண்ணன் லொறியோடு பள்ளத்தில் போயிருந்தார்.

ஒரே ஏலத்தில் வந்த இரண்டு லொறி

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு ராணுவம் தன் லொறிகளை ஏலத்தில் விட்டது. எங்கள் தோட்டத்துக்கு இரண்டு வந்தன. இரண்டும் ஒரே அச்சு. பச்சைப் பெயின்ட், மூக்கு நீண்ட முகம், மரப்பலகைத் தொட்டி. வந்து சேர்ந்த அன்று லயம் என்ற வரிசை வீடுகளிலிருந்த சனமெல்லாம் ரோட்டோரம் நின்று பார்த்தது.

ஒன்றை வேலாயுதம் அண்ணன் ஓட்டினார். அவருக்கு நான் கிளீனர். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது.

வேலாயுதம் அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லொறி டிரைவரான அவருக்கு மலைப்பாதை வளைவுகளில் குமட்டும். யாரிடமும் சொல்ல மாட்டார். சட்டைப் பையில் இஞ்சித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு மென்றபடியே ஓட்டுவார். வண்டிக்குள் எப்போதும் பெட்ரோல் வாடையும் இஞ்சி வாடையும்தான். சனிக்கிழமை பொழுது சாய்ந்தால் மற்றவர்களைப் போல ஒரு கிளாஸ் சாராயம். அதற்குமேல் நான் பார்த்ததில்லை.

அவர் விழுந்த அன்று நான் லொறியில் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்தேன். அவர் தனியாகப் போனார்.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் விசாரணை நடந்தது. டிரைவர் குடித்திருந்தார் என்று எழுதி முடித்தார்கள். பெரிய கிளாக்கர் அதைப் பெரட்டுக்களத்தில் வைத்தே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம். முழுத் தோட்டமும் அங்கே நிற்கும். வேலாயுதம் அண்ணனின் மனைவி தங்கம்மா அக்காவும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றுதான் கேட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் 'குடிகார டைவர் பொண்டாட்டி' என்று பெயர். கங்காணி கொழுந்து பறிக்க நிரை பிரிக்கும்போதுகூட அப்படித்தான் கூப்பிடுவான். அவள் அதன் பிறகு லொறியில் ஏறவில்லை. எவ்வளவு தூரமானாலும் நடந்துதான் போவாள்.

இரண்டாவது லொறியை ஓட்டியவர் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை முதல்

முதல் கியரிலேயே ஊர்ந்து அன்று ஸ்டேஷனுக்குப் போய் வந்து, நேரே ஆபீசுக்குப் போனேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

துரை கடுதாசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொழும்புக்கு எழுதியிருக்கு. சாமான் கப்பல்ல வரணும். அது வரைக்கும் மெள்ள ஓட்டு."

"ஓட்டை அகண்டு போச்சுங்க. நட்டு நிக்காதுங்க."

"நீ டைவரா, இஞ்சினியரா?"

பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் எனக்குக் கண்ணைக் காட்டினார், போய்விடு என்று. நான் திரும்பும்போது துரை இன்னொன்றையும் சொன்னார். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. எடுக்க ஆளில்லை. திங்கட்கிழமை முதல் மேலேயிருந்து நாற்பது பெண்களைக் காலையில் லொறியில் இறக்க வேண்டும், பின்னேரம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வட்டகொடை ரோடு வழியாக.

தேயிலைப் பெட்டி வேறு, நாற்பது பெண்கள் வேறு.

மறுத்திருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் வேலை போனால் பத்துச்சீட்டு என்ற விலக்குச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கூடவே குடியிருக்கும் காம்பராவும் போய்விடும். சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டும். அப்போதுதான் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்றும் சட்டம் வந்திருந்தது. இந்த நாட்டுக்காரனும் இல்லை, அந்த நாட்டுக்காரனும் இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, தோட்டத்து விலாசம் ஒன்றுதான் எங்களுக்கு மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிட்டு எங்கே போவது?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் தொட்டியில் நிற்கும் பெண்களின் தலைத்துணிகள்தான் தெரிந்தன.

சனிக்கிழமை சன்னாசிதான் ஒரு வழி சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பள்ளத்துல கெடக்கிற லொறியில சக்கரம் இருக்குல்ல?"

பள்ளம்

அந்த லொறியை யாரும் தூக்கவில்லை. தூக்க வழியும் இல்லை. வழக்கமாக இப்படி ஒன்று கிடந்தால் ஒரு வாரத்தில் பலகை, டயர், வயர் எல்லாம் காணாமல் போய்விடும். அந்த லொறியை மட்டும் யாரும் தொடவில்லை. பின்னேரத்தில் பள்ளத்துக்குள்ளிருந்து ஹாரன் சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். கேட்டதாகச் சத்தியம் செய்தவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து உடை மாற்றிக்கொண்டு, சன்னாசியோடு புறப்பட்டேன். கயிறு, ஸ்பானர், ஒரு போத்தல் மண்ணெண்ணெய். சன்னாசி ரோட்டோரத்தில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். எனக்கு இந்தப் பேய் பிசாசிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு, சட்டைக்குள் கிடந்த செபமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாதி இறங்கும்போதே மூடுபனி வந்துவிட்டது. மேலே ரோடு தெரியவில்லை. கீழே ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. மானாப்புல் கையை அறுத்தது. கால் முழுக்க அட்டை.

லொறி தலைகீழாகக் கிடந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தொட்டிப் பலகைகளுக்கு நடுவே பெரணிச் செடி முளைத்திருந்தது. டிரைவர் கதவு ஒடுங்கிப் போயிருந்தது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் இறங்கியிருந்தேன்.

பின் சக்கரங்கள் நன்றாக இருந்தன. விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பின்னுக்கு மட்டும் புது டயர் போட்டிருந்தார்கள். வெயில் படாத பள்ளம் என்பதால் ரப்பர் வெடிக்கவில்லை. நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம்.

முதல் நட்டுக்கு இரண்டு பேரும் ஸ்பானரில் தொங்கினோம். அது கிறீச்சென்று விட்டுக் கொடுத்தது. அதே நேரம் லொறி முழுவதும் எங்களுக்குக் கீழே முனகிக்கொண்டு ஒரு சாண் சரிந்தது.

சன்னாசி ஸ்பானரைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்க வேண்டாம், கால் வரவில்லை. லொறிக்குள்ளே ஏதோ உருண்டு, தகரத்தில் தட்டி நின்றது. கல்லாக இருக்கும்.

"வாங்கண்ணே," என்றேன். "நம்ம இன்னிக்கு எடுக்கலைன்னா, நாளைக்கு அந்தப் பொம்பளைங்க இங்கதான் வருவாங்க."

அவர் திரும்பி வந்தார். இரண்டு சக்கரங்களைக் கழற்றினோம். மூன்றாவது ஒன்றையும் எடுக்கலாமா என்று முன்பக்கம் போன சன்னாசி அங்கேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இந்தப் பக்கம் ஒண்ணக் காணோமே."

இடப்பக்க முன் சக்கரம் இல்லை. வெறும் இருசுதான் நின்றது. ஆறு போல்ட்டில் நான்கு முறிந்திருந்தன. மற்ற இரண்டிலும் மரை வழித்துப்போயிருந்தது.

"விழும்போது கழண்டிருக்கும்," என்றேன். அப்படித்தான் நான் நினைக்க விரும்பினேன்.

எங்கே கிடந்தது

மேலே தூக்க முடியாது. ரோடு அங்கே கொண்டை ஊசி மாதிரி மடிந்து, பள்ளத்தின் அடிவாரத்துக்கே இறங்கி வரும். ஆகவே சக்கரங்களை ஓடையோரமாகவே உருட்டிக்கொண்டு போய்க் கீழ் ரோட்டில் சேர்ப்பது என்று முடிவு. ஒன்றை நான், ஒன்றை சன்னாசி. தள்ளிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, சில இடத்தில் கட்டிப் பிடித்துக்கொண்டு போனோம்.

ஒரு நூறு நூற்றைம்பது அடி போயிருப்போம். சன்னாசியின் சக்கரம் புதருக்குள் போய் எதிலோ முட்டி நின்றது. அவர் புல்லை விலக்கினார். உள்ளே இன்னொரு சக்கரம், பாறைக்கும் மரத்துக்கும் இடையில் நிமிர்ந்தபடி செருகிக் கிடந்தது.

நான் மேலே பார்த்தேன். பனி கொஞ்சம் விலகியிருந்தது. லொறி விழுந்த வளைவு பின்னால் இருந்தது. இந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தது அடுத்த வளைவு.

லொறியோடு விழுந்த சக்கரம் இவ்வளவு தூரம் பக்கவாட்டில் வராது. அது ரோட்டிலேயே கழன்று, லொறியை முந்திக்கொண்டு ரோட்டிலேயே ஓடி, அடுத்த வளைவில் விழுந்திருக்கிறது. சக்கரம் போன பிறகுதான் லொறி பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

மண்ணைத் துடைத்துவிட்டு ஓட்டைகளைப் பார்த்தேன். ஆறும் முட்டை மாதிரி.

சன்னாசிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அந்த மனுசன் குடிக்கலையா?" என்றார்.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தை

இந்த நினைவுகளை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து இந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று பயந்துகொண்டிருந்தேன்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. சக்கர நட்டுகளைத் தினமும் முடுக்க வேண்டியது கிளீனரின் வேலை. காய்ச்சலுக்கு முந்திய வாரம் ஓயாத மழை. இரண்டு மூன்று நாள் நான் அதைச் செய்யவில்லை. மழையில் குந்துவதற்குச் சோம்பல், அவ்வளவுதான். 'நட்டை யார் முடுக்கியது?' என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

அவர்கள் அதைக் கேட்கவில்லை. "வேலாயுதம் குடிக்கிற ஆளா?" என்றுதான் கேட்டார்கள்.

"ஆமாங்க," என்றேன்.

"அன்னைக்கும் குடிச்சிருப்பானா?"

"இருக்கலாங்க."

அன்று காலையில் அண்ணன் என் காம்பரா வாசலுக்கு வந்து, "எப்படி இருக்கு ஒடம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். குனிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் வாயில் அடித்தது இஞ்சி வாடை மட்டும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'இருக்கலாங்க' என்றேன். எழுதியதை என் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தளர்ந்த நட்டோடு ஓடினால் ஓட்டை அகலும். அகன்ற ஓட்டையில் எவ்வளவு முடுக்கினாலும் நட்டு நிற்காது. இந்த இரண்டில் எது முதலில் நடந்தது என்று அந்தச் சக்கரத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியவில்லை.

சங்கிலியும் ஈயமும்

மூன்று சக்கரங்களையும் கீழ் ரோட்டில் சேர்த்துவிட்டு, என் லொறியை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து அதில் ஏற்றி, ஸ்டோருக்குப் பின்னால் சேர்த்தோம். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம்.

காற்றடிப்பதுதான் பெரிய பயம். அந்த லொறிகளின் டயரை ஓர் இரும்பு வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத்தில் துரு இருந்தால், காற்று ஏறும்போது தெறித்துவிடும். ஹட்டனில் ஒரு கராஜில் அப்படித் தெறித்துத் தலை போனவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். துருவைச் சுரண்டி, வளையத்தைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி உட்கார வைத்து, சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பம்ப் அடித்தோம். நூறு அடி அடித்ததும் 'டங்' என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் மண்ணில் படுத்துவிட்டோம். வளையம் தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம்தான் அது. சன்னாசி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு முன் அச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களை மாட்டினோம். கையால் சுற்றிவிட்டால் சக்கரம் ஆடி ஆடி, பாரம் கூடிய பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே சோக்கட்டியால் கோடு போட்டு, அந்த இடத்தில் ஈயம் வைக்க வேண்டும். முன்பு தேயிலைப் பெட்டிக்குள் ஈயத் தகடுதான் விரிப்பார்கள். அலுமினியத் தாள் வந்த பிறகு மிஞ்சிய தகடு ஸ்டோர் மேல்மாடியில் கிடந்தது. டீமேக்கரையாவிடம் கேட்டு ஒரு சுருள் வாங்கி, நறுக்கி, ரிம் விளிம்பில் மடித்து அடித்தேன். சுற்றினேன். கீழே வந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தேன். சுற்றினேன்.

பொழுது சாயும் நேரத்தில் சக்கரம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. சரியாகிவிட்டது என்று அர்த்தம். நட்டுகளை முடுக்கினேன். மறுபடி முடுக்கினேன். சன்னாசி கையைப் பிடித்து நிறுத்தும்வரை முடுக்கினேன்.

தங்கம்மா அக்கா

நேராக அவளுடைய லயத்துக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"வாங்க," என்றாள். எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அண்ணன் லொறி சக்கரம் கெடச்சிருக்கு. அது முன்னாடியே கழண்டு போயிருக்கு. அதனாலதான் விழுந்திருக்காரு."

கத்தியை விறகுக் கட்டையிலேயே விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். ஸ்டோருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த சக்கரத்தின் முன்னால் குந்தினாள். ஓட்டைக்குள் விரலை விட்டு, அந்த நீண்ட பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, ஆறையும்.

"விழுறதுக்கு மொத நாளு சோறு திங்கல அவரு," என்றாள். "சக்கரம் ஆடுது, புதுசு கேட்டா தரமாட்டேங்கிறாங்கன்னு சொன்னாரு. விசாரணையில நான் இதைச் சொன்னேன். பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவான்னுட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்றைச் சொல்லத்தான் திறந்தேன். வரவில்லை.

"தொரைகிட்ட நான் சொல்றேங்க்கா. ஆபீசுல."

அவள் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஆபீசுல வேணாம். பெரட்டுல சொல்லுங்க."

பெரட்டு

திங்கட்கிழமை விடிகாலை. பனிக்குள் ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம். கம்பளிகள், கூடைகள், பீடி நெருப்புகள். நானும் சன்னாசியும் அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு களத்தின் நடுவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். பேச்சு அடங்கியது. என் மனைவி பெண்கள் வரிசையில் நின்று என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

துரை குதிரையிலிருந்து இறங்கினார். "என்னா அது?"

"சக்கரங்க. வேலாயுதம் அண்ணன் ஓட்டுன லொறிச் சக்கரம்." "லொறி விழுந்த எடத்துல இல்லீங்க. அடுத்த வளைவுக்குக் கீழ கெடந்திச்சு. ரோட்டுலயே கழண்டு ஓடியிருக்குங்க. ஓட்டையைப் பாருங்க. நான் ஓட்டுற லொறியிலயும் இதே மாதிரிதான் இருந்திச்சு. நேத்து நாங்களா மாத்திட்டோம்."

பெரிய கிளாக்கர் முன்னால் வந்தார். "இதெல்லாம் ஆபீசுல வந்து சொல்லணும். பெரட்டு இதுக்கில்ல."

"அவரு குடிச்சிருந்தாருன்னு பெரட்டுலதானே வாசிச்சீங்க?"

பெண்கள் வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். சத்தமாகக்கூட இல்லை. கிளாக்கர் யாரென்று தேடவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

துரை குனிந்தார். கட்டைவிரலை ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது, கோபமா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். பத்துச்சீட்டுதான் என்று நினைத்தேன்.

"எல்லாம் வேலைக்குப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

முன் சீட்டு

நாற்பது பெண்களும் லொறியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் ஏறவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? செத்தவர் லொறியின் சக்கரம். அதைவிட, நான் சொன்னதை எல்லாம் காதால் கேட்டிருந்தார்கள்.

தங்கம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் போகவில்லை. முன் கதவைத் திறந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சன்னாசி பின்னால் போய் ஏறிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள்.

ஸ்டீயரிங் ஆடவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நாற்பது பெண்கள் ஏறிய லொறி அப்படி அமைதியாகப் போனதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அந்த வளைவு வந்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நிப்பாட்டவா அக்கா?"

"வேணாம். போ."

வளைவு கடந்தது. அடுத்ததும் கடந்தது. அவள் நேரே ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"சக்கரத்தப் பத்தி எல்லாஞ் சொன்ன. ஒன்னப் பத்திச் சொல்லலையே."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"விசாரணையில எழுதுனத அன்னைக்கே ஆபீசுல எனக்குத் தனியா வாசிச்சாங்க. கீழ ஒன் பேரு இருந்திச்சு."

"அக்கா..."

"ரோட்டப் பாரு. பின்னால ஆளுங்க இருக்காங்க."

"ஏங்க்கா இவ்வளவு நாளா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்," என்றாள்.

நான் ரோட்டைப் பார்த்தேன். கீழ்ப்பிரிவு வந்தது. லொறி நின்றதும் இறங்கிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குள் போய்விட்டாள்.

பிறகு

அந்த மாதம் முடிவதற்குள் கொழும்பிலிருந்து ஆறு புதுச் சக்கரங்கள் வந்தன. கூடவே ஒரு புது டிரைவரும் வந்தார். எனக்குப் பத்துச்சீட்டுக் கொடுக்கவில்லை. கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். காம்பராவும் போகவில்லை. என் மனைவி மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

விசாரணைக் கடுதாசியை யாரும் மாற்றி எழுதவில்லை. ஆனால் கங்காணி 'தங்கம்மா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினான். ஆள் கணக்கில் அவள் பெயர் வரும்போது பெண்கள் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

வெகுகாலம் கழித்து, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சனத்தோடு அவளும் போனாள். வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட நானும் போயிருந்தேன். தகரப் பெட்டியை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிளாட்பாரம் முழுக்க ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு வாக்கியம் சொல்ல அங்கேயும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ரயில் போய்விட்டது.

அந்தப் பெரட்டில் நின்றவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களும் அவர்களில் உண்டு என்று தெரியும். அவர்களுக்காக எழுதுகிறேன்: வேலாயுதம் அண்ணன் அன்று குடித்திருக்கவில்லை. அது எனக்கு அன்றே தெரியும். நட்டுகளை முடுக்க வேண்டியவன் நான். அவர் குடித்திருக்கலாம் என்று சொன்னவனும் நான்தான்.